படிவம் போய்ச் சேராத வீடுகள்

வத்தலக்குண்டு

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய கூகுள் ஃபார்மை ஒரு வரி விடாமல் படித்தேன். உன் எம்.எட். ஆய்வேட்டுத் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இணையவழி வகுப்பைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்பதையும் மறுப்பதையும் எவை தீர்மானிக்கின்றன என்று தேடப் போகிறாய். கேள்விகளும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் இந்தப் படிவம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று நீ இன்னும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

சிக்னல் கிடைக்காததால் வகுப்புக்கு வரமுடியாத பிள்ளையிடம் 'இணையவழி வகுப்பு உனக்குப் பிடிக்கிறதா?' என்று இணையத்திலேயே கேட்கிறோம். அவளிடமிருந்து பதில் வராது. பதில் வராதவள் உன் கணக்கில் ஏறவும் மாட்டாள். மிச்சப்பேரின் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, 'மாணவர்களின் மனப்பான்மை சாதகமாக உள்ளது' என்று நீ எழுதினால், கணக்கில் பிழை இருக்காது, முடிவு மட்டும் பொய்யாகிவிடும். 2020, 2021-இல் இந்தத் தலைப்பில் ஏராளமான ஆய்வுகள் வந்தன. கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் அவற்றில் பல இணையப் படிவத்தை மட்டுமே நம்பின. உனக்கு அந்த நெருக்கடி இல்லை. பஸ் ஓடுகிறது.

இந்தத் தவறு பழையது. 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ், அதிபர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேலான பதில்கள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, அதிபராயிருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். தேர்தலில் 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட் பக்கம் போயின. முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார்ப் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தம் வாட்டிய அந்த ஆண்டுகளில் ஃபோனும் காரும் வைத்திருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நினைத்துப் பார். அதோடு, சீட்டுக் கிடைத்தவர்களில் நாலில் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மாற்றம் வேண்டும் என்ற வேகத்தில் இருந்தவர்களே அதிகம் பதில் போட்டார்கள். உன் கூகுள் ஃபார்முக்கும் இந்த இரண்டு ஆபத்தும் உண்டு.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, பெருமாள்மலைப் பக்கத்திலிருந்து கீழே கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பலர் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் இறங்கித்தான் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ பஸ் மாறுகிறார்கள். 2020 மார்ச் 17-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. அடுத்த வாரமே நாடு முழுவதும் ஊரடங்கு. விடுதியிலிருந்த பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று வேறுவேறு உலகத்துக்குப் போய்விட்டார்கள். மதுரையில் வீடு இருந்தவனுக்கு வைஃபை. பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ போனவளுக்கு, மழை பெய்தால் கரண்ட்டே இல்லை. நெடுங்காலம் சாலையில்லாமல் நடந்தே போய்வந்த வெள்ளகவி போன்ற ஊர்களும் பளியர் குடியிருப்புகளும் இதே மலையில்தான் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனி. கொடைக்கானல் பண்பலை, 100.5, தென்மாவட்டங்களில் எவ்வளவோ தூரம் தெளிவாகக் கேட்கும். மலை உச்சியில் கோபுரத்தை நிறுத்தி, வலுவான அலையை ஒரே திசையாக அனுப்புகிறார்கள். கேட்பவரின் பெட்டி திருப்பி எதையும் அனுப்ப வேண்டியதில்லை. செல்ஃபோன் அப்படியில்லை. அதன் கோபுரம் சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான். கையிலிருக்கும் சின்னக் கருவியும் அந்தக் கோபுரம்வரை திருப்பிப் பேசியாக வேண்டும். நடுவில் ஒரு மலைமடிப்பு குறுக்கிட்டால் பேச்சு அறுந்துவிடும். அதனால்தான் வானொலி கேட்கும் அதே வீட்டில் வகுப்பு கேட்பதில்லை. ஆசிரியர் பேசுவது விட்டுவிட்டு வந்துசேரும், மாணவி பதில் சொன்னால் அங்கே போகாது. 'வகுப்பில் பங்கேற்க ஆர்வமில்லை' என்று அவள் பெயருக்கு நேரே குறிப்பு விழும்.

நான் சொல்ல வந்ததே இதுதான், கயல். மாணவரின் மனப்பான்மை என்று நாம் அளந்து எழுதுவதில் பெரும்பகுதி, அவர் வீடு, அவர் ஊர், அவர் ஆசிரியர் எப்படி என்பதன் விவரம். அதை அவர் மனசின் குணமாக எழுதிவிட்டால், குறையைச் சரிசெய்ய வேண்டியவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். 'கிராமத்து மாணவர்கள் தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குகிறார்கள்' என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

நீ அடித்தளமாக எடுத்திருக்கும் கோட்பாடுகளே இதைச் சொல்லத்தான் செய்கின்றன, சரியாகப் படித்தால். ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்நுட்பத்தை ஒருவர் ஏற்பதற்கான இரண்டு காரணிகளைப் பிரித்தார். 'இது எனக்குப் பயன்படும்' என்ற நம்பிக்கை ஒன்று, 'இதைக் கையாள்வது சுலபம்' என்ற நம்பிக்கை மற்றொன்று. 152 பேரிடம், நான்கு கணினி மென்பொருள்களை வைத்துப் பார்த்தபோது பயன் என்ற காரணியே மிக வலுவாக நின்றது. உண்மையிலேயே தேவைப்படுகிற பொருளாக இருந்தால் கொஞ்சம் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு பயன்படுத்துவார்கள், சுலபமாக இருக்கிறது என்பதற்காக உதவாத பொருளைப் பயன்படுத்த மாட்டார்கள் என்பது அதன் சாரம். 2003-இல் வெங்கடேஷ், மோரிஸ், இரண்டு டேவிஸ்கள் ஆகிய நால்வரும் எட்டுக் கோட்பாடுகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அதில் பயன், முயற்சி, சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு ஆகிய மூன்றும் விருப்பத்தை உருவாக்குகின்றன. நான்காவதான வசதிகள் விருப்பத்தைத் தொடாமல் நேரே பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன. அந்த நான்காவது அம்புக்குறி எங்கே போகிறது என்று படத்தை மறுபடி எடுத்துப் பார். ஒருத்திக்கு வகுப்பில் சேர வேண்டுமென்ற ஆசை முழுதாக இருக்கலாம், செயல் சுழியமாக இருக்கலாம். உன் படிவம் இந்த இரண்டையும் ஒரே கேள்விக்குள் போட்டுக் குழப்புகிறது. 'நான் இணையவழி வகுப்புகளில் தவறாமல் கலந்துகொள்கிறேன்' என்பதை மனப்பான்மைப் பகுதியிலிருந்து எடுத்துவிடு. அது வருகைப் பதிவேட்டைச் சேர்ந்தது.

வசதிகளைத் தனிப்பகுதியாகப் போட்டு, நுணுக்கமாகக் கேள். வீட்டில் ஃபோன் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே. எத்தனை பேருக்கு ஒரு ஃபோன், பகலில் அது யார் கையில் இருக்கும், வகுப்பு நேரத்தில் அப்பா அதை எஸ்டேட்டுக்கோ மார்க்கெட்டுக்கோ எடுத்துக்கொண்டு போய்விடுவாரா, தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருந்ததா என்றெல்லாம் கேள். தேசிய மாதிரி ஆய்வு 2017-18-இல் எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு 4.4-இல்தான் கணினி இருந்தது. இணைய வசதி கிராமத்தில் 14.9 சதவீத வீடுகளிலும் நகரத்தில் 42 சதவீத வீடுகளிலும் இருந்தது. நம் மாநிலத்தில் 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி பல வீடுகளில் இருந்தது, அது பெரிய உதவி. ஆனாலும் நெட் ஃபோன் வழியாகத்தான் வரவேண்டும். 2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல்வரை தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம். படத்தோடு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிவரை போய்விடும். குரல் மட்டுமென்றால் அதில் சிறு பங்கே ஆகும். இது தெரிந்த ஆசிரியர் பாடத்தைச் சிறிய ஒலித்துண்டுகளாகப் பதிந்து அனுப்பினார். தெரியாதவர் 'எல்லாரும் கேமராவைப் போடுங்கள்' என்றார். ஆக, டேட்டா போதுமா என்ற கேள்விக்குள் ஆசிரியரும் ஒளிந்திருக்கிறார்.

கேமரா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பின்னால் தெரிவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கயிற்றில் காயும் துணி, தவழ்ந்து வரும் அக்கா குழந்தை. இவற்றைத் தன் வகுப்பே பார்க்கும் என்ற கூச்சத்தில் கேமராவை அணைத்த பிள்ளைகளை நான் அறிவேன். படம் இல்லை, குரலும் இல்லை, ஆசிரியர் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுகிறார். அவருக்கும் சலிப்பு வந்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் காணொளிச் சந்திப்புகளால் வரும் களைப்புக்கான காரணங்களை எழுதினார். ஓயாமல் முகத்துக்கு நேரே முகம் பார்ப்பது, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது என்று நான்கு. பெண்களுக்கு இந்தக் களைப்பு அதிகம் என்று தொடர்ந்து வந்த ஆய்வு காட்டியது. உன் படிவத்தில் களைப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி நீ தனியாகவே எழுத வேண்டும். கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் வந்தபோது அது பல குடும்பங்களுக்கு என்ன தைரியத்தைக் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பார். 'பொம்பளப் பிள்ளைங்க மட்டும் படிக்கிற இடம்' என்ற ஒரே வார்த்தையில் வீட்டு வாசல் திறக்கும். இணையவழி வகுப்பும் அப்படி ஒரு வாசலைத் திறக்கிறது. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவள், மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் வெளியூர் போக முடியாதவள், பஸ்ஸுக்குக் காசில்லாதவள் ஆகியோருக்கு அது வரம். அவர்கள் 'மிகவும் ஏற்கிறேன்' என்றுதான் குறிப்பார்கள். அதே வகுப்பு இன்னொருத்திக்கு வாசலை அடைக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போய், சிநேகிதிகளோடு சாப்பிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்பும் அந்த எட்டு மணி நேரம்தான் அவளுக்குச் சொந்தமான நேரம். வகுப்பு வீட்டுக்குள் வந்ததும் அது போய்விட்டது. 'வீட்டுலதானே இருக்க, அந்த அரிசியக் கொஞ்சம் களைஞ்சு வை' என்பார்கள். காதில் இயர்ஃபோன், கையில் அரிசி. அவள் 'ஏற்கவில்லை' என்று குறிப்பாள். ஒரே ஊர், ஒரே வயசு, ஒரே பாடம் படிக்கும் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். அட்டவணையில் 'பெண்கள்' என்று ஒரே வரிசையாகப் போட்டுச் சராசரி எடுத்தால் இருவருமே காணாமல் போய்விடுவார்கள். திருமணமானவரா, வீட்டு வேலைக்குத் தினமும் எவ்வளவு நேரம் போகிறது, படிக்கத் தனியாக ஓர் இடம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்துக்கொள். இந்த ஒரு பகுதியை மட்டும் நீ நன்றாகச் செய்துவிட்டாலே ஆய்வேடு நிற்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, வகுப்பு, தேர்வு, பட்டம் மூன்றையும் நீ ஒன்றாகக் கேட்டிருக்கிறாய். அவை மூன்று. 2021 நவம்பரில் மதுரையிலும் வேறு ஊர்களிலும் கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது நீயும் இளங்கலையில்தான் இருந்தாய். இணையத்தில் பாடம் நடத்திவிட்டு நேரடித் தேர்வு வைப்பது நியாயமில்லை, தேர்வையும் இணையத்திலேயே வையுங்கள் என்று கேட்டார்கள். தேர்வுகள் தள்ளிப்போயின, பிறகு மூன்றாம் அலை வந்ததால் 2022 பிப்ரவரியில் இணையவழியாகவே நடந்தன. இணைய வகுப்பால் எதுவும் புரியவில்லை என்று சொன்ன அதே வாய் இணையத் தேர்வு வேண்டுமென்றது. முரண்பாடு என்று பலர் அவர்களைத் திட்டினார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. புரியாமல் போன பாடத்துக்கு நேரடியாகப் பரீட்சை எழுதப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

பட்டத்தின் மதிப்பு இன்னொரு தனிக் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தபாலில் வரும் தாளை நம்பி வாசித்த ஊர் இது. இங்கே பிறந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' நாவல் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் மாதாமாதம் வந்தது. இந்த ஊரில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழும் தபாலில் வீடு தேடிப் போனதுதான். பிறகு பாடமும் அப்படியே தபாலில் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல். பகலில் வேலை, ராத்திரியில் பாடக்கட்டு, விடுமுறையில் தொடர்பு வகுப்பு என்று 'கரஸ்ல' படித்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன் கண்ணெதிரே தெரிந்தது, சிரமத்தைப் பொருட்படுத்தவில்லை. டேவிஸ் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் 'கரஸ் டிகிரியா?' என்று ஒரு மாற்றுக் குறைவாகப் பார்க்கும் பழக்கமும் அப்போதே வந்துவிட்டது, அது இன்றைக்கு இணையப் பட்டத்தின் மேலும் படிந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் முறைப்படி வழங்கும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அப்பாமார்களிடம் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய நிரலாக்க, தரவு அறிவியல் படிப்பில் பாடங்கள் இணையத்தில் நடக்கின்றன, முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பெயரும் தேர்வின் கண்டிப்பும் சேர்ந்து அந்தப் பட்டத்துக்கு மதிப்பைக் கொடுக்கின்றன. அதனால் 'இணையவழிப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா' என்று பொதுவாகக் கேட்காதே, 'யார் தருகிற பட்டத்துக்கு' என்று சேர்த்துக் கேள்.

கட்டாயமா, விருப்பமா என்பதும் முக்கியம். 2020-இல் நடந்தது திடீர் ஏற்பாடு. வகுப்பறைக்குத் தயாரித்த பாடத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் அப்படியே கேமராவின் முன் ஒப்பித்தோம். இணையத்துக்கென்றே திட்டமிட்ட பாடம் வேறு. ஐஐடிகளின் இணையப் பாடத்திட்டமான என்பிடெல் 2003-இலிருந்து வருகிறது, மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-இல் வந்தது. ஆனால் விரும்பிச் சேரும் பெரிய இணையப் படிப்புகளில் முடிப்பவர்கள் உலகமெங்குமே நூற்றுக்குப் பத்துப்பேர் தேறுவது அரிது. ஆங்கிலத்தில் வேகமாகப் போகும் விரிவுரையைத் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை எத்தனை வாரம் தாங்குவாள்? உளவியலாளர் பந்துரா 1977-இல் எழுதிய 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை, முதலில் சின்னதாக ஒன்றைச் செய்து வென்றால் வரும், தன்னைப்போன்ற ஒருத்தி செய்வதைப் பார்த்தாலும் வரும். விளக்கம் தமிழில் இருப்பதும், மலையூர் அக்கா ஒருத்தி படித்து முடித்ததும் இதற்குள் அடங்கும்.

இனி படிவத்தின் தமிழ். லைக்கர்ட் 1932-இல் வகுத்த ஐந்து கட்டத்தை வைத்திருக்கிறாய், சரி. ஆனால் கேள்விகளை ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் மாற்றியிருக்கிறாய், படிக்கும்போதே தட்டுப்படுகிறது. 'வகுப்பு நடக்கும்போது சந்தேகம் வந்தால் உடனே கேட்க முடிகிறது' என்று சாதாரணமாக எழுது. எல்லா வாக்கியங்களும் இணைய வகுப்பைப் புகழ்வதாகவே இருக்கின்றன. கேட்பவர் ஆசிரியர் என்றால் நம் பிள்ளைகள் மரியாதைக்காகவே 'ஏற்கிறேன்' போடுவார்கள். பாதியைக் குறை சொல்லும் வாக்கியங்களாக மாற்று, மதிப்பெண் போடும்போது அவற்றைத் திருப்பிக் கணக்கிட மறக்காதே. நடுக்கட்டத்தில் நிறையப் பேர் விழுந்தால் அதைக் 'கருத்தில்லை' என்று எடுத்துக்கொள்ளாதே. சிலரையாவது நேரில் சந்தித்து ஏன் என்று கேள்.

மாதிரியையும் மாற்று. பாதிப் படிவங்கள் காகிதத்தில் போகட்டும். காந்திகிராமத்தில் ஒரு தொகுதி, கொடைக்கானலில் ஒரு தொகுதி, மதுரையில் ஒரு தொகுதி என்று வை. மூன்றிலும் மலைப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று முன்னாலேயே எண்ணிக்கொள். இணைய வகுப்புக்கு வராதவர்களின் பட்டியலைத் துறையில் கேட்டு வாங்கு. உனக்கு மிக வேண்டிய பதில்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெயர் எழுதச் சொல்லாதே, பெயர் இல்லையென்றால் ஆசிரியரைப் பற்றியும் உண்மையை எழுதுவார்கள். உன் வழிகாட்டி இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேள். இணையத்தில் முந்நூறு பேரைப் பிடிப்பதைவிட நூற்றிருபது பேரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது மேல் என்று நானும் அவரிடம் பேசத் தயார்.

தாண்டிக்குடிப் பக்கம் போவதென்றால் முதல்நாள் ராத்திரியே இங்கே வந்து தங்கிவிடு, காலை பஸ்ஸில் உன்னோடு நானும் வருகிறேன். திருத்திய படிவத்தை அதற்கு முன் எனக்கு அனுப்பு, தமிழைப் பார்த்துத் தருகிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை